அணுகுண்டு அச்சமும் ஷா ஆலாம் பட்டறையும்

அணு என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. ஒரு பொருளைப் பகுத்துக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சும் சிறு கூற்றை அணு என்று முன்னோர் வழங்கினர். அச்சொல்லைக் கேட்டு அக்காலத்தில் எவரும் அஞ்சியதில்லை. 1945 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் ஹிரோஷிமாவிலும் 9 ஆம் நாள் நாகசாகியிலும் குண்டுகள் விழுந்த பின்னரே அச்சம் அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் மலாயாத் தோட்டங்களுக்கு அச்செய்தி வந்த விதம் வேறு. ஆகஸ்டு 15 ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரில் உயிரோடு எஞ்சியவர் வீடு திரும்ப வழி பிறந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே இந்நாட்டுத் தோட்ட மக்களின் காதில் அணுகுண்டு என்ற சொல், துன்பம் தீர்ந்த செய்தியோடு சேர்ந்தே விழுந்தது. அவ்விரு நகரங்களில் மாண்டவர் தொகையும், பின்னர் நோயுற்று வாடியவர் கதையும் மெள்ள மெள்ளத்தான் தெரிய வந்தன.

அன்று அக்குண்டைச் செய்யும் வல்லமை ஒரே நாட்டுக்குத்தான் இருந்தது. 1949 இல் சோவியத் ரஷ்யாவும், 1952 இல் பிரிட்டனும், 1960 இல் பிரான்சும், 1964 இல் சீனாவும் சோதனை நடத்தி அவ்வரிசையில் சேர்ந்தன. இன்று ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதம் உண்டு. அவற்றுள் இஸ்ரேல் மட்டும் அதை ஒப்புக்கொள்வதுமில்லை, மறுப்பதுமில்லை. எல்லார் கிடங்குகளிலும் உள்ள குண்டுகளைக் கூட்டினால் ஏறத்தாழ 12,000 வரும் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

வல்லரசுகளின் கிடங்குகளைப் பற்றிய அச்சம் ஒன்று. அந்நுட்பம் கைமாறிக் கைமாறி யார் யாரிடமோ போய்ச் சேர்ந்துவிடுமே என்ற அச்சம் மற்றொன்று. இந்த இரண்டாவது அச்சத்துக்கு மலேசிய மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. ரிங்லெட்டிலிருந்து காலையில் காரில் புறப்பட்டால் நண்பகலுக்குள் போய்ச் சேரக்கூடிய ஷா ஆலாமில், சாதாரணமான ஒரு தொழிற்பேட்டையில், உலோகம் கடையும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே கடைந்து அனுப்பப்பட்ட உறுப்புகள் 2003 இல் உலகச் செய்தியாயின. அக்கதையைத் தமிழ் வாசகர் பலர் மேலெழுந்தவாரியாகவே கேட்டிருப்பர். அதை ஒழுங்காக விளங்கிக்கொள்வதற்கு முன், அவ்வுறுப்புகள் எதற்குப் பயன்படுவன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது கடினமான சங்கதியன்று. ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தவருக்கே விளங்கக்கூடியது.

ஆயிரத்தில் ஏழு

யுரேனியம் என்பது பூமியிலிருந்து தோண்டியெடுக்கும் ஓர் உலோகம். அதில் இருவகை அணுக்கள் கலந்திருக்கின்றன. 238 என்ற எடையெண் உடையவை ஒரு வகை. 235 என்ற எடையெண் உடையவை மற்றொரு வகை. 1938 ஆம் ஆண்டு இறுதியில் பெர்லின் நகரில் ஆட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் என்னும் இருவர் யுரேனியம் அணு பிளவுபடுவதைக் கண்டறிந்தனர். எளிதில் பிளந்து, தொடர்ந்து பக்கத்து அணுக்களையும் பிளக்கச் செய்யும் குணம் 235 என்ற வகைக்குத்தான் உண்டு. ஆனால் இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழுதான் அவ்வகை. எஞ்சிய 993 அணுக்களும் கனத்த வகை.

மின்சார உலைக்கு நூற்றுக்கு நான்கு அளவில் இலேசான வகை இருந்தால் போதும். குண்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் வேண்டும். ஆகவே கனத்ததை விலக்கி இலேசானதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதனையே செறிவூட்டல் என்பர்.

கேமரன் மலைத் தேயிலை ஆலைக்குள் போனவர்கள் சல்லடை வேலையைப் பார்த்திருப்பர். உலர்ந்த தேயிலையை ஆட்டும் சல்லடைகளில் கொட்டினால் பருத்த இலை மேலே நிற்கும். நொறுங்கியது அடுத்த தட்டில் விழும். தூள் கடைசித் தட்டுக்குப் போகும். கண் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் சல்லடைக்கு அது சாத்தியமாகிறது. யுரேனியத்தின் இருவகை அணுக்களுக்குள் அத்தகைய வேறுபாடு இல்லை. நிறம், குணம், அமிலத்தில் கரையும் தன்மை எல்லாம் ஒன்றே. வேறுபாடு எடையில் மட்டும். அதுவும் நூற்றுக்கு ஒன்றேகால் அளவே. யுரேனியத்தை ஃபுளோரினோடு சேர்த்து வாயுவாக்கினால் அவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது.

அந்த நூலிழை வேறுபாட்டைப் பிடித்துப் பிரிக்கும் கருவிதான் மையவிலக்கு யந்திரம். ஒல்லியான நீண்ட உருளை ஒன்றுக்குள் அவ்வாயுவை விட்டு, உருளையை நிமிஷத்துக்கு ஐம்பதினாயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றுவார்கள். பாலாடை பிரிக்கும் யந்திரத்தில் நடப்பது போலவே, கனத்தது சுவரோரம் ஒதுங்கும். இலேசானது நடுவில் சற்று மிகுந்து நிற்கும். ஒரு யந்திரம் செய்யும் வேலை அற்பம். ஒன்றிலிருந்து வெளிவந்ததை அடுத்ததற்குள் விட்டு, அதிலிருந்து மற்றொன்றுக்குள் விட்டு, இப்படி நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் யந்திரங்களை வரிசை வரிசையாக இணைத்தால்தான் காரியம் ஆகும். அந்த வேகத்தில் சுழலும் உருளையில் எடைப் பிசகு கடுகளவு இருந்தாலும் அது நடுங்கிச் சிதறிப்போகும். எனவே நுண்ணிய அளவுக்குக் கடைந்த அலுமினியமோ, தனிவகை எஃகோ வேண்டும். அவ்வேலையில் கைதேர்ந்த பட்டறையும் வேண்டும்.

இனி அந்தக் கணக்கு. ஆயிரம் அணுக்களில் ஏழு இலேசானவை. சேதாரம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கனத்தவற்றில் 825 ஐ விலக்கினால் எஞ்சுவது 175. அதில் ஏழு என்பது நூற்றுக்கு நான்கு. மின்சார உலைக்கு உரிய அளவு வந்துவிட்டது. அந்த 175 இலிருந்து மேலும் 140 ஐ விலக்கினால் எஞ்சுவது 35. ஏழு என்பது இப்போது நூற்றுக்கு இருபது. அதிலிருந்து 27 ஐ விலக்கினால் எஞ்சுவது எட்டு; அந்த எட்டில் ஏழு இலேசானவை. ஏறத்தாழக் குண்டுக்கு உரிய அளவு அதுதான்.

வாசகர் இக்கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. முதற்படியில் 825, இரண்டாம் படியில் 140, மூன்றாம் படியில் வெறும் 27. மின்சாரத்துக்கான எரிபொருளைச் செய்யக் கற்றவன் குண்டுக்கான பாதையில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டான். ஒரே யந்திரம், ஒரே கலை. வேறுபடுவது எண்ணம் ஒன்றே. ஈரான் நூற்றுக்கு அறுபது என்ற அளவுக்குச் செறிவூட்டத் தொடங்கியதாக 2021 இல் செய்தி வந்தபோது உலகம் ஏன் கலங்கியது என்பதும், 2025 ஜூன் மாதத்தில் நட்டான்ஸ், ஃபோர்டோ முதலிய இடங்களின் மேல் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஏன் குண்டு வீசின என்பதும் இந்தக் கணக்கால் விளங்கும். அத்தாக்குதல் நியாயமா என்பது வேறு வழக்கு. ஏழு பேர் பன்னிரண்டு பேருக்குள் நின்றால் அது நூற்றுக்கு அறுபதுக்குச் சற்றே குறைவு. அங்கிருந்து எட்டுக்கு வர நான்கு பேரை விலக்கினால் போதும்.

கைமாறிய வரைபடம்

இந்த யந்திரத்தின் வரலாறு பல நாடுகளைச் சுற்றி வந்தது. கெர்னாட் சிப்பே என்னும் ஆஸ்திரியர் இரண்டாம் உலக யுத்தத்தில் ரஷ்யரிடம் கைதியாகி, அங்கே இதை உருவாக்கும் வேலையில் பங்குகொண்டார். விடுதலையாகி மேற்கே வந்த பின் அந்த அறிவும் அவரோடு வந்தது. 1970 இல் பிரிட்டன், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி மூன்றும் அல்மெலோ என்ற டச்சு நகரில் உடன்படிக்கை செய்துகொண்டு, யுரென்கோ என்னும் கூட்டு நிறுவனத்தின் வழியே மின்சார உலைகளுக்கு எரிபொருள் செய்யத் தொடங்கின. அந்நிறுவனத்தோடு தொடர்புடைய ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக்கூடம் ஒன்றில் 1972 முதல் வேலை பார்த்தவர் அப்துல் காதிர் கான். 1936 இல் போபாலில் பிறந்து, பின் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர்.

1974 மே 18 ஆம் நாள் ராஜஸ்தான் பாலைவனத்தில் பொக்ரான் என்னுமிடத்தில் இந்தியா தன் முதல் சோதனையை நடத்தியது. அதற்கு வேண்டிய புளுட்டோனியம் கிடைத்த விதம் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஆக்க வேலைக்கென்று கனடா நன்கொடையாகக் கட்டித் தந்த சைரஸ் என்ற ஆராய்ச்சி உலையில், அமெரிக்கா தந்த கனநீரைக் கொண்டு விளைந்தது அது. சோதனையை ஆக்கப் பணிக்கான வெடிப்பு என்றது இந்தியா. கனடாவோ ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. அணுப்பொருள் விற்கும் நாடுகள் கூடித் தமக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை அமைக்க இதுவே காரணமாயிற்று. இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 1998 மே 11, 13 ஆம் நாட்களில் அதே பொக்ரானில் இந்தியா மீண்டும் சோதனை நடத்தியபோது முன்னின்றவர்களில் அப்துல் கலாமும் இராஜகோபால சிதம்பரமும் தமிழர். அதைத் தமிழர் பலர் பெருமையாகக் கொண்டாடினர். அதே மாதம் 28 ஆம் நாள் பாகிஸ்தான் சாகாய் மலையில் வெடித்தது. ஒருவர் பெருமை பக்கத்து வீட்டுக்காரர் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் தேட வேண்டியதில்லை.

கான் 1975 டிசம்பரில் பாகிஸ்தான் திரும்பினார். தாம் பார்த்த யந்திரங்களின் விவரங்களும், உறுப்பு செய்து தரும் வியாபாரிகளின் பட்டியலும் அவரிடம் இருந்தன. டச்சு நீதிமன்றம் ஒன்று 1983 இல் அவருக்குத் தண்டனை விதித்தது. அழைப்பாணை முறைப்படி சேர்க்கப்படவில்லை என்ற காரணத்தால் மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. இதற்குள் கஹூட்டா என்ற ஊரில் யந்திரங்கள் சுழலத் தொடங்கியிருந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால் இது இரு நாடுகளின் போட்டிக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் வாங்கக் கற்ற வழியிலேயே விற்கவும் முடியும் என்று கான் குழுவினர் கண்டுகொண்டனர். ஈரான், வடகொரியா, லிபியா ஆகியவை வாடிக்கையாளராயின.

லிபியா கேட்டது புதுமாதிரி யந்திரங்கள் பத்தாயிரம். முழு யந்திரத்தை ஒரே இடத்தில் செய்தால் உடனே அகப்பட்டுக்கொள்ள நேரும். ஆகையால் உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாட்டில் செய்வித்து, துபாய் துறைமுகத்தில் சேர்ப்பது என்று ஏற்பாடாயிற்று. மின்னோட்டப் பகுதி துருக்கியில். குழாய் வேலை தென்னாப்பிரிக்காவில். கடைசல் உறுப்புகளுக்கு அகப்பட்டது ஷா ஆலாம்.

ஷா ஆலாமில் நடந்தது

மலேசியப் போலீஸ் 2004 பிப்ரவரி 20 ஆம் நாள் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கண்ட விவரங்கள் வருமாறு. இடையில் நின்று ஏற்பாடு செய்தவர் பி. எஸ். ஏ. தாஹிர் என்னும் இலங்கைப் பிரஜை. துபாயில் கணினி வியாபாரம் செய்தவர். ஸ்கோமி குழுமத்தைச் சேர்ந்த ஸ்கோப் என்ற நிறுவனத்தோடு 2001 டிசம்பரில் ஒப்பந்தமாயிற்று. பதினான்கு வகை உறுப்புகள். தொகை ஒரு கோடியே முப்பது லட்சம் ரிங்கிட். 2002 டிசம்பர் முதல் 2003 ஆகஸ்டு வரை நான்கு தவணையாகச் சரக்கு துபாய்க்குப் போயிற்று. வேலையை மேற்பார்க்க உர்ஸ் டின்னர் என்ற சுவிஸ் பொறியாளர் 2002 ஏப்ரல் முதல் அங்கேயே தங்கியிருந்தார். வரைபடங்களை வைத்திருந்தவர் அவரே. 2003 அக்டோபரில் வேலையை விட்டுப் போகும்போது தம் கணினியின் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போனார்.

நிறுவனத்தாரும் தொழிலாளரும் என்ன நினைத்திருந்தனர்? எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான உறுப்புகள் என்றே எண்ணியதாக நிறுவனம் கூறியது. போலீஸ் அறிக்கையும் அவ்வாறே கொண்டது. இதை நம்புவது கடினமன்று. உருளை, மூடி, வளையம் என்று பிரித்துப் பார்த்தால் அவற்றின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வரைபடத்தில் குறித்த அளவுக்கு ஒரு மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுப்பதே நல்ல கடைசல்காரனின் இலக்கணம். எதற்கு என்று கேட்பது அவன் வேலையாகக் கருதப்படவில்லை. ரப்பரும் தேயிலையும் விட்டுத் தொழிற்பேட்டைகளுக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் இத்தகைய லேத் யந்திரங்களின் முன்தான் பிழைப்பைத் தேடிக்கொண்டனர். தொழில்நுட்பப் பள்ளிகளில் அவர்களுக்கு அளவு கற்பிக்கப்படுகிறது. செய்யும் பொருள் எங்கே போகிறது என்ற பாடம் கற்பிக்கப்படுவதில்லை.

2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற ஜெர்மானியக் கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்து லிபியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. (பெயர் ஒற்றுமையைக் கண்டு வானொலி நிலையத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கப்பல் கம்பெனியின் பெயர் அது.) அதை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதனையிட்டனர். ஐந்து பெட்டகங்களில் மரப்பெட்டிகள் இருந்தன. அவற்றின் மேல் ஸ்கோப் நிறுவனத்தின் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. ஒளித்துச் செய்கிறவன் தன் பெயரைப் பெட்டியில் பொறிப்பானா என்று பின்னர்ச் சிலர் கேட்டனர், கேள்வி நியாயமானதே. நவம்பர் 10 ஆம் நாள் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறையினர் கோலாலம்பூரில் போலீசாரைச் சந்தித்துச் செய்தியைக் கூறினர். அப்துல்லா படாவி பிரதமராகிப் பத்து நாட்களே ஆகியிருந்தன. டிசம்பர் 19 ஆம் நாள் லிபியா தன் ஆயுத முயற்சி முழுவதையும் கைவிடுவதாக அறிவித்தது. அது ஒப்படைத்த தஸ்தாவேஜுகளில் குண்டின் வரைபடமும் இருந்தது. இஸ்லாமாபாத் தையற்கடை ஒன்றின் பையில் போட்டு அது கொடுக்கப்பட்டிருந்தது.

2004 பிப்ரவரி 4 ஆம் நாள் கான் தொலைக்காட்சியில் தோன்றிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதிபர் முஷாரஃப் உடனே மன்னிப்பும் வழங்கிவிட்டார். கான் 2021 அக்டோபர் 10 ஆம் நாள் இறந்தபோது அங்கே அரசு மரியாதை நடந்தது. தாஹிர் பெயரை அதிபர் புஷ் பிப்ரவரி 11 ஆம் நாள் வாஷிங்டன் சொற்பொழிவிலேயே வெளியிட்டிருந்தார். மே மாதம் மலேசிய அரசாங்கம் அவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காவலில் வைத்தது. 2008 இல் விடுவித்தது. இடையில் வழக்கில்லை, விசாரணையில்லை. சுவிட்சர்லாந்தில் டின்னர் குடும்பத்தவர் மூவருக்கு 2012 இல் தண்டனை கிடைத்தது. முன்னமே சிறையிலிருந்த காலத்தோடு அது கழிந்தது. அவர்கள் வழக்கின் தஸ்தாவேஜுகளில் பலவற்றைச் சுவிஸ் அரசாங்கமே 2007 இல் அழித்துவிட்டது.

விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைப்பதால் நாடு பாதுகாக்கப்பட்டதாகச் சொல்வோர் உண்டு. ஆனால் குறுக்கு விசாரணைக்கு நிற்காத செய்தி பாதிச் செய்தியே. யார் அறிந்து செய்தார், யார் அறியாமல் செய்தார், எந்தக் கட்டத்தில் எந்த அலுவலர் கேட்டிருக்க வேண்டும் என்பனவெல்லாம் திறந்த நீதிமன்றத்தில் வெளிவந்திருந்தால், ஷா ஆலாமில் இருந்தவர்களின் பெயருக்கும் அது நல்லதாயிருக்கும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012 இல் நீக்கப்பட்டுவிட்டது. இவ்வழக்கு மட்டும் திறக்கப்படாமலே இருக்கிறது.

கணக்கில் வராத சரக்கு

மலேசியா அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் 1968 ஜூலை முதல் நாளே கையொப்பமிட்டது. 1970 இல் உறுதி செய்தது. வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் மேற்பார்வையை 1972 இல் ஏற்றது. அப்படியிருந்தும் இது நடந்தது எப்படி? விடை எளிது. முகமையின் மேற்பார்வை என்பது பெரும்பாலும் கணக்குச் சரிபார்த்தல். தோட்டத்தில் நிறுவையின்போது ஒவ்வொருவர் கூடையையும் நிறுத்து, செக்ரோலில் எழுதி, ஆலைக்குப் போன மொத்தத்தோடு ஒப்பிடுவதைப் போன்றது. யுரேனியம் எவ்வளவு வந்தது, எங்கே இருக்கிறது, எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் பார்ப்பார்கள், முத்திரை வைப்பார்கள், காமிரா பொருத்துவார்கள். பாங்கியில் 1982 ஜூன் 28 ஆம் நாள் முதல் இயங்கிவரும் ஆராய்ச்சி உலை அந்தக் கணக்குக்கு உட்பட்டது. ஒரு மெகாவாட் வெப்ப ஆற்றலுடைய அச்சிறிய உலை மின்சாரம் செய்வதில்லை; ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பயன்படுவது. அதன் எரிபொருள் நூற்றுக்கு இருபது என்ற வரம்புக்கு உட்பட்டது. அதில் ஒரு கோல் காணாமல் போனாலும் வியன்னாவுக்குத் தெரியும்.

ஷா ஆலாமிலோ யுரேனியம் ஒரு குன்றிமணிகூட இல்லை. இருந்தது அலுமினியம். ஏட்டில் எழுதவே இடமில்லாத சரக்கு அது. நாடு தன் வாக்குறுதியில் எதையும் மீறவில்லை. இருந்தும் குண்டு முயற்சிக்கு வேண்டிய உறுப்புகள் துறைமுகத்தைக் கடந்தன. 1968 இல் உடன்படிக்கை எழுதியோர் மனத்தில் இருந்தவை அரசாங்கங்கள். வியாபாரிகளை அவர்கள் எண்ணவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கவே 2004 ஏப்ரல் 28 ஆம் நாள் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் 1540 ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தனியார் செய்யும் இத்தகைய வியாபாரத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மலேசியா ஆறு ஆண்டு கழித்து, 2010 இல், கேந்திர வணிகச் சட்டத்தை இயற்றியது. ஆறு ஆண்டு அதிகந்தான். வெளிநாட்டு வணிகத்தையே நம்பி வாழும் நாடு துறைமுகத்தில் புதுக் கதவு போடத் தயங்கியது ஒரு காரணமாயிருக்கலாம். மற்றொரு காரணம் மனக்கசப்பு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், துருக்கி ஆகிய நாட்டவர் பலர் இதில் பங்குகொண்டிருக்க, மலேசியாவின் பெயரே முன்னால் ஒலித்ததை இந்நாட்டார் மறக்கவில்லை.

அக்கசப்பில் உண்மை உண்டு. பரவல் தடை உடன்படிக்கை ஒரு கொடுக்கல் வாங்கல். குண்டு இல்லாதவர் குண்டு செய்யமாட்டோம் என்றனர். குண்டு உள்ள ஐந்து நாடுகள் அவற்றைக் கைவிட நேர்மையோடு பேச்சு நடத்துவோம் என்றன. ஆக்க வேலைக்கு அணு நுட்பத்தைப் பயன்படுத்தும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்றும் எழுதப்பட்டது. முதல் வாக்கைப் பெரும்பாலோர் காத்தனர். தென்னாப்பிரிக்கா தானாகச் செய்த ஆறு குண்டுகளையும் பிரித்தெறிந்துவிட்டு 1991 இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. இரண்டாவது வாக்குத்தான் நிலுவையில் இருக்கிறது. அந்த நிலுவையை விடாமல் கேட்டுவரும் நாடுகளில் மலேசியா ஒன்று. 1996 ஜூலை 8 ஆம் நாள் அனைத்துலக நீதிமன்றம் அணு ஆயுதம் பற்றித் தன் கருத்தை வெளியிட்டபின், ஆயுதக் களைவுப் பேச்சை நடத்தி முடிக்கும் கடமை உண்டு என்ற அதன் முடிவை வைத்து ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவந்தது மலேசியாவே. தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக்கும் பாங்காக் உடன்படிக்கை 1995 இல் கையொப்பமாகி 1997 இல் நடப்புக்கு வந்தது. 2017 இல் உருவான அணு ஆயுதத் தடை உடன்படிக்கையையும் மலேசியா 2020 இல் உறுதி செய்தது. குண்டு வைத்திருக்கும் நாடு ஒன்றுகூட அதில் சேரவில்லை.

தொலைவில் வெடித்தது இந்த மலைக்கும் வரும் என்பது வெறும் பேச்சன்று. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் நடத்திய சோதனைகளால் எழுந்த துகள் உலகமெங்கும் மழையோடு இறங்கியது. 1961 அக்டோபர் 30 ஆம் நாள் ரஷ்யா வெடித்த ஒரு குண்டு மட்டுமே ஐம்பது மெகாடன் வலிமையுடையது. 1963 ஆகஸ்டில் ஆகாயச் சோதனையை விலக்கும் ஒப்பந்தத்தில் மூன்று நாடுகள் கையொப்பமிட்டன. ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றை மறித்து அணை எழுந்த காலமும் அதுவே. சீசியம் 137 என்ற அத்துகளின் கதிர்வீச்சு முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே அன்று இறங்கியதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே இன்று எஞ்சியுள்ளது. அது களிமண்ணைப் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கும். காட்டில் கலையாத மண்ணில் உள்ள அளவையும் சரிவுகளில் உள்ள அளவையும் ஒப்பிட்டால், எவ்வளவு மண் அரித்துப் போயிற்று என்று கணக்கிடலாம். உலகெங்கும் கையாளப்படும் இம்முறையை மலேசிய ஆராய்ச்சியாளரும் கையாண்டுள்ளனர். மலையில் காடு வெட்டிய மண்ணெல்லாம் ரிங்லெட் ஏரியில் வண்டலாகப் படிந்துவரும் இந்நாளில் இது ஒரு பயனுள்ள கருவி. குண்டு விட்டுப்போன எச்சம் உழவனுக்கு உதவும் விந்தை இது; வேண்டிப் பெற்றதன்று.

இந்நாட்டில் அணு மின்சாரப் பேச்சும் வந்து வந்து போகிறது. 2011 இல் அதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. அவ்வாண்டே மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்து வேகம் குறைந்தது. 2018 இல் பிரதமர் மகாதீர் வேண்டாமென்றார். 2025 இல் முன்வைக்கப்பட்ட பதின்மூன்றாம் மலேசியத் திட்டத்தில் பேச்சு மீண்டும் எழுந்தது. அமைந்தால் எரிபொருள் வெளியிலிருந்து வரும். அது நூற்றுக்கு நான்கு என்ற கணக்கில் இருக்கும். வியன்னாவின் ஏட்டில் ஏறும். அங்கே பயம் விபத்தைப் பற்றியும் கழிவைப் பற்றியும் இருக்கலாம். குண்டைப் பற்றிய பயம் அலுமினியத்தின் பக்கம் இருக்கிறது.

2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள பொருளை ஏற்றுமதி செய்பவர் முதலீட்டு, வணிக, தொழில் அமைச்சின் கீழுள்ள செயலகத்தில் அனுமதி பெற வேண்டும். வாங்குவோர் யார், கடைசியில் பயன்படுத்துவோர் யார், எதற்குப் பயன்படுத்துவர் என்று எழுத்தில் தர வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளாயினும், ஆயுதத்துக்குப் போகிறது என்று ஐயுற இடமிருந்தால் அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது. ஐயம் முதலில் தோன்ற வேண்டிய இடம் ஆலை, அமைச்சு அன்று. வரைபடத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கேட்டால் எண்ணெய்த் தொழிலுக்கு என்று சொல்லி, போகும்போது ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துப்போகும் ஆலோசகரைக் கண்டால் மேற்பார்வையாளர் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது சட்டத்தில் இருக்கிறது.

தாரந்தோவில் இறக்கிய ஐந்து பெட்டகங்கள் போக, அதே கப்பலில் வேறொரு பெட்டகம் இருந்ததை அன்று எவரும் கவனிக்கவில்லை. அது 2004 மார்ச்சில் லிபியா போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்து, உள்ளே யந்திர உறுப்புகள் இருப்பதை வியன்னாவுக்குத் தெரிவித்தது லிபியாவேதான்.